பம்பு செட் விவசாயிக்கு வோல்ட், ஆம்பியர் கணக்கு தேவை

தமது கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பது விவசாயிக்குத் தெரியும். ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை வேண்டும் என்பது தெரியும். உர மூட்டையின் விலை ஏறினால் அன்றைக்கே தெரிந்துவிடும். ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் தமது மோட்டார் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது, அந்த நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் சிலரே. இத்தனைக்கும் அந்த இரண்டு அளவுகளையும் காட்டும் மீட்டர்கள் பல மோட்டார் கொட்டகைகளில் ஸ்டார்ட்டருக்கு அருகிலேயே மாட்டப்பட்டிருக்கின்றன. கண்ணாடியில் தூசி படிந்து, முள் அசையாமல் நின்றுபோன மீட்டர்களும் உண்டு. அவற்றைப் பழுது பார்க்கவேண்டும் என்ற எண்ணம் எழுவதில்லை.

இது சிறிய குறை அல்ல. மோட்டார் எரிவதையும், கேபிள் கருகுவதையும், சில சமயம் உயிர் போவதையும் முன்கூட்டியே சொல்லக்கூடியவை இந்த இரண்டு எண்கள். பம்பு செட் வைத்துள்ள ஒவ்வொரு விவசாயக் குடும்பத்திலும் குறைந்தது ஒருவராவது இந்த எண்களைப் படித்துக் கணக்குப் போடத் தெரிந்திருக்கவேண்டும்.

பில் போனது, எச்சரிக்கையும் போனது

1932ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு கோவை வட்டாரக் கிணறுகளுக்கு மின்சாரம் எட்டியது. ஏற்றமும் கவலையும் இருந்த இடத்தில் மோட்டார் வந்தது. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் இருக்கின்றன. 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது. கிணற்றுப் பாசனத்தை நம்பிய லட்சக்கணக்கான குடும்பங்களை இந்தச் சலுகை நிலத்தில் நிறுத்தியது. இதில் இரு கருத்து இருக்க முடியாது.

ஆனால், பில் போனபோது அதனுடன் ஓர் எச்சரிக்கையும் போய்விட்டது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி பழுதானால் அடுத்த மின்கணக்கிலேயே தொகை ஏறிக் காட்டிக் கொடுத்துவிடும். வயலில் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் எடுத்தாலும் காட்டிக் கொடுக்க எதுவும் இல்லை. செலவு மட்டும் வேறு வழியில் வருகிறது. காயில் கட்டப் பணம், போர்வெல்லில் இருந்து மோட்டாரை மேலே தூக்க வண்டிக் கூலி, புதிய கேபிள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிர் தண்டு உருளும் நேரத்தில் ஒரு வாரம் தண்ணீர் இல்லாமை. மின்சாரம் இலவசம்தான். கெட்ட மின்சாரத்துக்கு விவசாயி விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பெருக்கலும் வகுத்தலும்

கணக்கு எளிது. மேல்நிலைத் தொட்டியில் இருந்து குழாயில் தண்ணீர் வருவதை நினைத்துக்கொள்ளலாம். தொட்டியின் உயரம் போன்றது வோல்ட். குழாயில் ஓடும் தண்ணீரின் அளவு போன்றது ஆம்பியர். குழாய் ஒடுக்கமாக இருந்து தண்ணீரைத் தடுப்பது போன்றது ஓம் எனப்படும் மின்தடை. ஜெர்மனியைச் சேர்ந்த ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இது: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் திறன், அதாவது வாட் கிடைக்கும். 746 வாட் சேர்ந்தது ஒரு குதிரைத் திறன். 1,000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்.

தண்ணீர் காய்ச்சும் ஒரு ஹீட்டர் 230 வோல்ட்டில் 4 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 4-ஆல் பெருக்கினால் 920 வாட். 230-ஐ 4-ஆல் வகுத்தால் 57.5 ஓம். இப்போது வோல்டேஜ் 180 ஆகக் குறைகிறது. ஹீட்டர் கம்பியின் ஓம் ஏறக்குறைய மாறாது. எனவே 180-ஐ 57.5-ஆல் வகுத்தால் 3.1 ஆம்பியர், திறன் சுமார் 560 வாட். வோல்டேஜ் குறைந்ததும் ஹீட்டர் குறைவாக எடுத்துக்கொண்டு மெதுவாகக் காய்ச்சுகிறது. கெடுதல் ஒன்றும் இல்லை.

மோட்டாரின் குணம் இதற்கு நேர் எதிரானது. விவசாயிகளில் பலர் அறியாததும், காயில் எரிவதற்குப் பெரிய காரணமானதும் இதுதான்.

மோட்டாரின் கணக்கு

மும்முனை மோட்டாருக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் மட்டும் போதாது. மூன்று முனைகள் சேர்ந்து வேலை செய்வதால் 1.732-ஆல் பெருக்கவேண்டும். பிறகு திறன் காரணி என்ற எண்ணாலும் பெருக்கவேண்டும். முழுப் பளுவில் ஓடும் 5 குதிரைத் திறன் மோட்டாருக்கு இது சுமார் 0.82 இருக்கும்.

அப்படிப்பட்ட மோட்டார் ஒன்று 415 வோல்ட்டில் 7.5 ஆம்பியர் எடுக்கிறது. 415 × 7.5 × 1.732 × 0.82 என்று பெருக்கினால் ஏறக்குறைய 4,420 வாட். இது மோட்டாருக்குள் போகும் மின்சாரம். இதில் 85 சதவீதம் சுழலும் வேலையாக மாறினால் சுமார் 3,750 வாட், அதாவது 5 குதிரைத் திறன். மீதி 15 சதவீதம் சூடாகவும் உராய்வாகவும் போகிறது. குதிரைத் திறன் ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர் என்று நினைவில் வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்குப் போதும். சரியான அளவு மோட்டாரின் மேல் உள்ள தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொட்டகைச் சுவரில் பெரிதாக எழுதி வைப்பது நல்லது.

இப்போது மாலையில் வோல்டேஜ் 330 ஆக இறங்குகிறது. பம்பு தூக்கவேண்டிய தண்ணீர் குறையவில்லை. அதே வேலையைச் செய்ய மோட்டார் அதிக ஆம்பியரை இழுக்கும். 415-ஐ 330-ஆல் வகுத்து 7.5-ஆல் பெருக்கினால் 9.4 ஆம்பியர். 2 ஆம்பியர்தானே கூடியிருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. காயில் கம்பியில் உண்டாகும் சூடு ஆம்பியரின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, ஓமால் பெருக்கினால் கிடைக்கும் வாட்தான் அந்தச் சூடு. 7.5 ஆம்பியர் 9.4 ஆகும்போது சூடு 57 சதவீதம் கூடிவிடுகிறது. மோட்டாரின் மின்காப்புப் பொருள் தாங்கும் வெப்பத்துக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் நெடுநாளாகக் கையாளும் பொதுக்கணக்கு.

கிளம்பும் நேரம் இன்னும் ஆபத்தானது. மோட்டார் கிளம்பும் விசை வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும். 330 வோல்ட்டில் அந்த விசை 63 சதவீதம்தான். மணல் அடைத்த பம்பாக இருந்தால் சுற்றாமல் உறுமிக்கொண்டு நிற்கும். நின்ற மோட்டார் முழுப்பளு ஆம்பியரைப் போல் ஏறக்குறைய 6 மடங்கு இழுக்கும். சில நிமிடங்களில் காயில் கருகிப்போகும்.

மூன்று முனைகளிலும் ஆம்பியர் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கவேண்டும். ஒரு முனையில் பூஜ்யமும் மற்ற இரண்டில் அதிகமும் காட்டினால் ஒரு பியூஸ் போய்விட்டது என்று பொருள். உடனே நிறுத்தவேண்டும். ஆம்பியர் மீட்டரைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இது உடனே தெரியும். இல்லாவிட்டால் வாடை வந்த பிறகுதான் தெரியும்.

கேபிளில் கரையும் குதிரைத் திறன்

போர்வெல்கள் ஆழமாகிவிட்டன. 600 அடியில் நீர்மூழ்கி மோட்டாரை இறக்கினால் ஸ்டார்ட்டர் வரை கேபிள் 200 மீட்டர் ஆகிவிடும். விலை குறைவு என்று 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கேபிளைப் போடுகிறார்கள். இந்தக் கேபிளின் தடை கிலோமீட்டருக்கு 7.4 ஓம். 200 மீட்டருக்கு 1.48 ஓம். 7.5-ஐ 7.5-ஆல் பெருக்கி, அதை 1.48-ஆல் பெருக்கி, மூன்று கம்பிகளுக்காக 3-ஆல் பெருக்கினால் 250 வாட். குதிரைத் திறனில் மூன்றில் ஒரு பங்கு கேபிளைச் சூடாக்குவதிலேயே போய்விடுகிறது. மோட்டாருக்குப் போய்ச் சேரும் வோல்டேஜிலும் சுமார் 16 குறைகிறது. மேலே 400 காட்டினாலும் கீழே 384தான். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் ஓடினால் 500 யூனிட் வீண்.

அதே நீளத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் தடை 0.62 ஓம், இழப்பு சுமார் 105 வாட். கூடுதல் விலை ஒரு முறைதான். மெல்லிய கேபிளின் நட்டமோ மோட்டார் ஓடும் ஒவ்வொரு நாளும் தொடரும். கடைக்காரர் சொல்லும் அளவை அப்படியே வாங்காமல், நீளத்தையும் ஆம்பியரையும் சொல்லி எத்தனை வோல்ட் குறையும் என்று கேட்டு வாங்கவேண்டும்.

காயிலின் உடல்நிலை

மோட்டார் ஓடும்போது காட்டும் வோல்ட்டை ஆம்பியரால் வகுத்து, அதுதான் காயிலின் ஓம் என்று எண்ணக் கூடாது. ஓடும் மோட்டாரில் காந்தப் புலமும் சேர்ந்து மின்சாரத்தை எதிர்ப்பதால் அந்தக் கணக்குப் பொருந்தாது. காயிலின் ஓம் பார்க்க மோட்டார் நின்றிருக்கவேண்டும். மின் இணைப்பு முழுவதும் துண்டிக்கப்பட்டிருக்கவேண்டும். இதை எலக்ட்ரீஷியனைக் கொண்டே செய்யவேண்டும்.

மோட்டாரின் மூன்று காயில்களையும் பிரித்து, 12 வோல்ட் பேட்டரியை ஒவ்வொன்றிலும் கொடுத்து ஆம்பியர் பார்த்தால் போதும். 3 ஆம்பியர் காட்டினால் 12-ஐ 3-ஆல் வகுத்து 4 ஓம். மூன்று காயில்களும் ஏறக்குறைய 4 ஓம் காட்டினால் நல்லது. இரண்டு 4 ஓமும் ஒன்று 3.3 ஓமும் காட்டினால் அந்த ஒன்றில் சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன என்று கருதலாம். ஒன்றில் ஆம்பியரே இல்லையென்றால் கம்பி அறுந்திருக்கிறது. நீர்மூழ்கி மோட்டாரை மேலிருந்து பார்க்கும்போது கேபிளின் ஓமும் சேர்ந்து வரும் என்பதை மறக்கக் கூடாது.

சூட்டையும் இதே கணக்கால் அறியலாம். தாமிரத்தின் தடை ஒரு டிகிரி வெப்பத்துக்குச் சுமார் 0.39 சதவீதம் உயரும். காலையில் 4 ஓம் இருந்த காயில், நான்கு மணி நேரம் ஓடி நிறுத்திய உடனே 5 ஓம் காட்டினால் தடை 25 சதவீதம் ஏறியிருக்கிறது. 25-ஐ 0.39-ஆல் வகுத்தால் 64. அத்தனை டிகிரி காயில் சூடேறியிருக்கிறது. கையை வைத்துப் பார்த்து 'கொஞ்சம் சூடு' என்று சொல்வதைவிட இது நம்பத்தக்கது. காயில் கட்டி வந்த மோட்டாரின் ஓமை முதல் நாளே குறித்து வைத்தால், பட்டறையில் சரியான கம்பி சுற்றினார்களா என்பதும் தெரிந்துவிடும்.

தண்ணீருக்கு எத்தனை வாட்?

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு விநாடியில் ஒரு மீட்டர் உயர்த்த 9.8 வாட் தேவை. 200 லிட்டர் பேரல் 80 விநாடியில் நிறைந்தால் விநாடிக்கு 2.5 லிட்டர். ஓடும்போது உள்ள நீர்மட்டத்தில் இருந்து தண்ணீர் விழும் இடம் வரை 70 மீட்டர் என்றால், 2.5 × 70 × 9.8 = 1,715 வாட். அப்போது மீட்டர்கள் 400 வோல்ட், 8 ஆம்பியர் காட்டுகின்றன. திறன் காரணி 0.8 என்று கொண்டால் உள்ளே போவது 4,430 வாட். ஆக 100 வாட் கொடுத்தால் 39 வாட் அளவுக்குத்தான் தண்ணீர் வருகிறது. பாதியளவு வந்தால் திருப்தி கொள்ளலாம். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் பம்பின் விசிறி தேய்ந்திருக்கலாம், குழாய் ஒடுக்கமாக இருக்கலாம், அல்லது அந்தக் கிணற்றுக்குப் பொருந்தாத பம்பாக இருக்கலாம். பெரிய மோட்டார் வாங்குவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது பணத்தை மிச்சப்படுத்தும்.

உயிர் காக்கும் வகுத்தல்

எர்த் விஷயத்தில் இந்தக் கணக்கு உயிர்க் கணக்காகிறது. காயிலின் மின்காப்பு கெட்டு, 230 வோல்ட் முனை மோட்டாரின் உடம்பைத் தொட்டுவிட்டது என்று கொள்வோம். எர்த் குழி காய்ந்துபோய் அதன் தடை 46 ஓம் இருக்கிறது. 230-ஐ 46-ஆல் வகுத்தால் 5 ஆம்பியர். 15 ஆம்பியர் பியூஸ் இதற்கு உருகாது. மோட்டாரின் உடம்பில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். ஈரக் காலுடன் வந்து அதைத் தொடுபவரின் உடல் தடை 1,000 ஓம் என்று கொண்டால், அவர் உடலில் 0.23 ஆம்பியர் பாயும். அதில் எட்டில் ஒரு பங்குக்குச் சற்று மேலான 0.03 ஆம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்கும்படி உயிர்காப்புச் சாதனங்கள் செய்யப்படுகின்றன என்றால் 0.23 எத்தனை கொடியது என்று புரியும்.

அதே எர்த் 5 ஓம் இருந்தால் 46 ஆம்பியர் பாயும்; பியூஸ் உடனே உருகி இணைப்பு அறுந்துவிடும். எனவே எர்த் குழியில் உப்பும் கரியும் இட்டு, கோடையில் வாரம் ஒரு முறையாவது தண்ணீர் ஊற்றவேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை எர்த்தின் ஓம் அளவைச் சோதிக்கச் சொல்லவேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறது என்று கட்டுக்கம்பியை முறுக்கிப் போடும் வழக்கம் இந்தப் பாதுகாப்பு முழுவதையும் அழித்துவிடும். எர்த் எவ்வளவு நன்றாக இருந்தாலும் கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் சாதனமும் கொட்டகையில் இருப்பது அவசியம். அதன் விலை காயில் கட்டும் செலவோடு ஒப்பிட்டாலே பெரிதல்ல.

டிரான்ஸ்பார்மர் ஊருக்குப் பொது

வோல்டேஜ் குறைவதற்கு மின் வாரியமே காரணம் என்று விவசாயிகள் சொல்கிறார்கள். பெருமளவு உண்மை. கடைக்கோடிக் கிணறு வரை மெல்லிய கம்பியை நீட்டிவிட்டு, டிரான்ஸ்பார்மரை மாற்றாமலே இணைப்புகளைக் கூட்டினால் வேறு என்ன நடக்கும்? ஆயினும் கணக்கு இன்னொரு பக்கத்தையும் காட்டுகிறது.

100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் தரக்கூடியது முனைக்கு 133 ஆம்பியர். 5 குதிரைத் திறன் மோட்டார் 17 ஓடினால் 17 × 7.5 = 127.5. சரியாக இருக்கும். அந்த 17 பேரும் அனுமதி பெறாமலே ஏழரைக் குதிரைத் திறனுக்கு மாறினால் ஆளுக்கு 11 ஆம்பியர், மொத்தம் 187. டிரான்ஸ்பார்மரின் மேல் 40 சதவீதம் கூடுதல் பளு. கம்பியின் ஓம் அதுவேதான். ஆம்பியர் கூடினால் வழியில் குறையும் வோல்ட்டும் கூடும். முன்பு 25 வோல்ட் குறைந்த கம்பியில் இப்போது 37 வோல்ட் குறையும். வோல்டேஜ் குறைந்ததால் ஒவ்வொரு மோட்டாரும் மேலும் ஆம்பியர் இழுக்கும். கடைசியில் இருப்பவரின் மோட்டார் முதலில் எரியும்.

நீர்மட்டம் இறங்கியதால்தான் பெரிய மோட்டார் தேவைப்பட்டது என்பது உண்மை. அதை மறைத்து வைப்பதில் பயன் இல்லை. உண்மையான குதிரைத் திறனைப் பதிவு செய்து, அதற்கேற்ற டிரான்ஸ்பார்மரைக் கேட்டு வாங்குவதே வழி. அப்படிப் பதிவு செய்ய முன்வருபவரைக் குற்றவாளியைப் போல நடத்தாமல் இருக்கவேண்டியது அதிகாரிகளின் பொறுப்பு.

ஆட்டோ ஸ்டார்ட்டர் விஷயமும் இப்படியே. மும்முனை மின்சாரம் வந்த அதே நொடியில் 17 மோட்டார்களும் கிளம்பினால், ஒவ்வொன்றும் 6 மடங்கு ஆம்பியர் கேட்கும். ஒருவருக்கொருவர் பேசிவைத்து ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று கால இடைவெளியை மாற்றி அமைத்துக்கொண்டால் எல்லோருடைய மோட்டாரும் பிழைக்கும்.

திறன் காரணியை உயர்த்தும் கெபாசிட்டரும் ஊருக்கு உதவும். 5 குதிரைத் திறன் மோட்டாருக்கு 2 கே.வி.ஏ.ஆர். அளவுள்ள கெபாசிட்டர் வைத்தால் கம்பியில் வரும் ஆம்பியர் 7.5இல் இருந்து 6.5க்குள் இறங்கும். மோட்டாரின் காயிலுக்குள் பாயும் ஆம்பியர் இதனால் நேரடியாகக் குறையாது. வழியில் உள்ள கம்பியின் பளு குறைந்து வோல்டேஜ் சற்று உயர்வதே பயன். இரு முனை மின்சாரத்தில் மும்முனை மோட்டாரை ஓட்டப் பயன்படுத்தும் கண்டென்சர் வேறு. அப்படி ஓட்டுவது மோட்டாரைக் கொல்லும் வழி.

அச்சம் வேண்டாம்

மீட்டர் என்ற சொல்லைக் கேட்டாலே விவசாயிகளிடம் ஓர் அச்சம் எழுகிறது. இன்று மீட்டர், நாளை கட்டணம் என்று எண்ணுகிறார்கள். யூனிட் அளக்கும் மீட்டரைப் பற்றிய அந்த விவாதம் தனி. அதில் விவசாயிகளின் ஐயத்தைத் தீர்க்கவேண்டியது அரசு. இங்கே சொல்லப்படும் வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் விவசாயியின் சொந்தப் பொருள்கள். அவை காட்டும் எண்கள் அவருடைய நோட்டுப் புத்தகத்துக்குப் போகின்றன. அந்த எண்கள் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்வதைவிட, அவருக்காகச் சாட்சி சொல்வதே அதிகம்.

'வோல்டேஜ் சரியில்லை' என்று ஆயிரம் முறை முறையிட்டாலும் எழுத்தில் ஒன்றும் நிற்காது. 'பத்து நாட்களாக மாலை 6 மணிக்கு 335 வோல்ட்' என்று தேதிவாரியாக எழுதிக் கொடுத்தால் எந்த அலுவலகமும் அதைத் தள்ளிவிட முடியாது. 1956ஆம் ஆண்டின் இந்திய மின் விதிகளே வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் மாறக்கூடாது என்று வகுத்திருந்தன. 415 வோல்ட்டுக்கு அது 390 வரைதான். 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டப்படி அமைந்த மின் நுகர்வோர் குறைதீர் மன்றங்கள் இருக்கின்றன. இலவச இணைப்பு பெற்றவரும் நுகர்வோரே. அங்கே கொண்டுபோக நோட்டுப் புத்தகம் கையில் இருக்கவேண்டும்.

கணக்குப் போடத் தெரியாதே என்ற தயக்கமும் தேவையில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் ஓம் விதி இருக்கிறது. விவசாயியின் மகளும் மகனும் அதைப் படித்துத் தேர்வில் மதிப்பெண் வாங்குகிறார்கள். அந்தப் பாடம் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட, வயலில் மோட்டார் எரிகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கொட்டகைக்கு அழைத்துப்போய் இரண்டு மீட்டர்களையும் படித்துக் கணக்குப் போடச் செய்தால் பாடமும் பதியும்; மோட்டாரும் பிழைக்கும்.

வேளாண்மைத் துறையும் வேளாண் பொறியியல் துறையும் ஒன்று செய்யலாம். மண் வள அட்டை வழங்குவது போல ஒவ்வொரு பம்பு செட்டுக்கும் ஒரு மோட்டார் அட்டை வழங்கலாம். தகட்டில் உள்ள ஆம்பியர், காயிலின் ஓம், எர்த்தின் ஓம், கேபிளின் அளவு, தண்ணீரின் அளவு ஆகியவற்றை அதில் குறிக்கலாம். மானியத்தில் மோட்டார் கொடுக்கும்போது நல்ல மீட்டர்கள் இரண்டையும் சேர்த்தே கொடுக்கவேண்டும். மின் வாரியம் கோடைக்கு முன் கடைக்கோடிக் கிணறுகளில் வோல்டேஜ் பார்த்து அந்த எண்ணை ஊர் அறிய எழுதி வைக்கவேண்டும்.

அதுவரை விவசாயிகள் காத்திருக்கவேண்டியதில்லை. பழுதான மீட்டரை இந்த வாரமே மாற்றிவிடலாம். மோட்டார் போட்டதும் வோல்ட், ஆம்பியர், நேரம் மூன்றையும் எழுதலாம். வோல்டேஜ் 370க்குக் கீழே இறங்கி, ஆம்பியர் தகட்டு அளவைத் தாண்டினால் மோட்டாரை நிறுத்திவிடவேண்டும். அன்றைக்கு ஒரு பாத்தி பாயாமல் போகலாம். காயில் எரிந்தால் ஒரு வாரத்துக்கு எந்தப் பாத்தியும் பாயாது.